இருபத்துநாலு பேனலும் துராப் முதலாளியும்

மார்ச் மாதத்து நவ்ரோஸ் புத்தாண்டுப் பண்டிகைக்கு மறுநாள், காலை டீக்கும் மத்தியான டீக்கும் நடுவே, கோகந்த் நகரத்து சோலார்காரர் மஹ்காம் ஒரு மாபெரும் முடிவெடுத்தார். கொட்டகையில் இருக்கும் இருபத்துநாலு சோலார் பேனல்களில் ஒன்றைக்கூட, விலை இரட்டிப்பாகும் வரை, யாருக்கும் விற்பதில்லை. பெற்ற தாயே வந்து கேட்டாலும் கிடையாது. தாயார் காலமாகிப் பதினோரு வருடம் ஆகிவிட்டபடியால் இந்தச் சபதத்தில் ஆபத்து ஒன்றும் இல்லை.

மஹ்காம் முடிவெடுப்பது அபூர்வம். இதற்கு முன் எடுத்தவை இரண்டு. ஒன்று, டீயில் சர்க்கரை போடுவதில்லை என்பது. அது அன்று சாயங்காலம் வரை உயிரோடு இருந்தது. இன்னொன்று, மச்சினனை முகத்துக்கு நேராக நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்பது. மச்சினன் வந்தான். மஹ்காமும் முகத்துக்கு நேராக நாலு வார்த்தை கேட்டார். "புலாவ் இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?"

இந்த முறை காரணம் பலமாக இருந்தது. கொரோனா வந்து சீனாவில் பேனல் செய்யும் தொழிற்சாலைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. லாரிகள் எல்லையில் நின்றன. தாஷ்கந்து மொத்த வியாபாரி போனில், "பேனலா? ஒரு ஸ்க்ரூ கூட வராது" என்று அழாத குறையாகச் சொன்னார். ஃபெர்கானா பள்ளத்தாக்கு முழுக்க சோலார் வேலை செய்கிறவர்கள் ஏணியைச் சுவரில் சாத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். மஹ்காமிடம் மட்டும் இருபத்துநாலு இருந்தது. அது அவருடைய சாமர்த்தியம் அல்ல. ஒரு கல்யாண மண்டபத்துக்காரர் ஆர்டர் கொடுத்திருந்தார். சரக்கு வந்து இறங்கிய வாரம் கல்யாணம் காட்சி எதுவும் கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. மண்டபத்துக்காரர், "தம்பி, மாப்பிள்ளையே இல்லாத மண்டபத்துக்கு வெளிச்சம் எதுக்கு?" என்று ஆர்டரை ரத்து செய்துவிட்டார். மஹ்காம் ஒரு வாரம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டாம் நாள் கையை எடுத்தார். இனி நாட்டில் பேனல் வராது என்றால் வந்த பேனல் தங்கம். விலை ஏறட்டும். ஏறினதும் விற்று ஒரு டமாஸ் வேன் வாங்கிவிடலாம். வெள்ளை நிறம். கதவில் சூரியன் படம்.

பேனல்களின் மேல் இருந்த மெத்தை விரிப்பை இழுத்து மூடிவிட்டுத் திரும்பினார். மனைவி நின்றிருந்தாள்.

"ஏங்க, அதுல ஆறு."

"என்ன ஆறு?"

"ஆறு பேனல். நம்ம கூரைக்கு. ஒம்போது வருஷமா அடுத்த மாசம், அடுத்த மாசம்னு சொல்லிட்டிருக்கீங்க. ஊர்ல இருக்கற கூரை எல்லாம் ஏறியாச்சு. சொந்தக் கூரையை மட்டும் ஏறெடுத்துப் பாக்கலை."

"இது சமயமா? இப்ப பேனல்னா தங்கம். தங்கத்தை எவனாவது கூரைமேல போடுவானா?"

"காதுல போடுவாங்க. என் காதுல கிடந்ததுதான் இப்ப அந்தப் பெட்டியா நிக்குது."

மஹ்காம் மெத்தை விரிப்பின் ஓரத்தைச் சரிசெய்தார். அந்தப் பெட்டியைப் பற்றிப் பேச்சு வந்தால் வேறு வேலை பார்ப்பதுதான் அவருக்கு வழக்கம்.

அது கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டி. நூற்றெண்பது முட்டை கொள்ளும். அடுக்களைக்குப் பக்கத்து அறையில் இருந்தது. பெரிய பையன் துராப் ரஷ்யாவில் சமாரா ஊரில் கட்டட வேலை செய்கிறான். வேலை நின்றுவிடும் போலிருக்கிறது என்று அவன் ஜனவரியிலேயே சொன்னதும், அவள் காதுத் தோட்டை விற்றுப் பெட்டி வாங்கினாள். பிப்ரவரியில் முதல் தடவை முட்டை வைத்தாள். இருபத்தொரு நாள் கணக்கு. பதினேழாம் நாள் கரண்ட் போயிற்று. ஐந்து மணி நேரம் வரவில்லை. அவள் பெட்டியின் மேல் வீட்டிலுள்ள கம்பளி எல்லாவற்றையும் போர்த்தி, தன் கோட்டையும் போர்த்தி, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நூற்றெண்பதும் கூமுட்டை ஆயிற்று. வாளி வாளியாகத் தூக்கிக்கொண்டுபோய் முற்றத்துப் பாதாமிப் பழ மரத்தடியில் புதைத்தாள்.  மஹ்காமுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் வாளியைத் தூக்கவில்லை.

இங்கே ஒரு விஷயம். அவள் பெயர் ஸுல்ஹுமார். ஆனால் மஹ்காம் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. மனைவியைப் பெயர் சொல்லி அழைப்பது அந்தப் பக்கத்தில் மரியாதை இல்லை. தலைப்பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ஆகவே அவர் "துராப்!" என்று குரல் கொடுத்தால் சமாராவில் இருக்கும் மகன் திரும்பிப் பார்க்க மாட்டான். அடுக்களையில் இருக்கும் மனைவி, "என்னங்க?" என்பாள். கைப்பேசியிலும் அப்படியேதான். ஒரு எண் துராப் 1, இன்னொரு எண் துராப் 2. வீட்டில் யார் நம்பர் ஒன் என்பதில் மஹ்காமுக்கு என்றைக்கும் சந்தேகம் வந்ததில்லை. கைப்பேசியில்தான் அடிக்கடி வந்தது.

ஆறு பேனல் கிடையாது என்று ஆயிற்று. மறுநாள் குவா ஊரிலிருந்து இனாயத் போன் செய்தார். குளிர்சாதனக் கிடங்கு வைத்திருப்பவர். மே மாதம் செர்ரிப் பழம் வரும். இந்த வருடம் சந்தையும் இல்லை, ஏற்றுமதியும் இல்லை. பழம் முழுக்கக் கிடங்கில்தான் கிடக்க வேண்டும். கரண்டை நம்பி அவரால் தூங்க முடியவில்லை.

"மஹ்காம் தம்பி, இருபத்துநாலு பேனல் வெச்சிருக்கியாமே?"

"ஐயோ அண்ணே, யார் சொன்னது? ஒண்ணு கூட இல்லை."

"மண்டபத்துக்காரன்தான் சொன்னான்."

மஹ்காம் விழித்தார். அந்த நேரம் பார்த்து மனைவி பின்னால் வந்து, "ஆறு இல்லாட்டி நாலாவது குடுங்களேன்" என்றாள். மஹ்காம் போனைக் காதில் வைத்தபடியே திரும்பி, "துராப், துராப், உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன், கொஞ்சம் பொறுத்துக்கோ, பேசிட்டு வந்துடறேன்" என்றார்.

 மறுமுனையில் இனாயத் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"யாரு தம்பி அது? உன் முதலாளியா?"

அந்தக் குரலில் இருந்த பயபக்தியைக் கேட்டால் வேறு யார் என்று நினைப்பார்கள்? மஹ்காமுக்கு வானத்தில் கதவு திறந்தது.

"ஆமா அண்ணே. துராப் முதலாளி. சரக்கெல்லாம் அவருதுதான். நான் சும்மா ஏணி தூக்கறவன்."

"சரி, அவர்கிட்ட கேட்டுச் சொல்லு."

"கேட்டுட்டேன் அண்ணே. துராப் சம்மதிக்கலை."

அன்றிலிருந்து மஹ்காமுக்கு வாழ்க்கை எளிதாகிவிட்டது. இல்லை என்று சொல்லப் பிறந்தவரல்ல அவர். முகம் பார்த்தால் இளகிவிடுவார். இப்போது இல்லை என்று சொல்ல ஒரு ஆள் கிடைத்துவிட்டது. அந்திஜான்காரர் கேட்டார், துராப் சம்மதிக்கலை. ரிஷ்தான்காரர் கெஞ்சினார், நான் என்ன பண்ண, துராப் கல்நெஞ்சுக்காரர். மாமா மகன் கேட்டான், துராப் ஊரில் இல்லை. மனைவி ஒரு பக்கம் முட்டையை அடைகாக்க நினைத்தாள் என்றால், இவர் இன்னொரு பக்கம் பேனலை அடைகாத்துக்கொண்டிருந்தார்.

அவள் எல்லாவற்றையும் மாவு பிசைந்துகொண்டே கேட்டாள்.

"என் பேரைச் சொல்லியா ஊரை ஏமாத்தறீங்க?"

"உன் பேர் ஸுல்ஹுமார் ஆச்சே!"

"இருபத்துநாலு வருஷத்துல இன்னைக்குத்தான் அந்தப் பேரு ஞாபகம் வந்துச்சா?"

"அது வந்து..."

"கல்நெஞ்சுக்காரர்னு சொன்னீங்களே, அது யாரு? மகனா, நானா?"

"பொதுவாச் சொன்னேன்."

"ஊர்ல இல்லைன்னீங்களே, அது?"

"அது மகன்."

"அப்ப கல்நெஞ்சு நான்" என்றாள் அவள். மாவைத் திருப்பிப் போட்டாள்.  அனுபவப்பட்ட கணவனாக இருந்தால் அந்த இடத்தில் உஷாராகியிருப்பான். மஹ்காமுக்கு அனுபவம் இருபத்துநாலு வருடம்தான்.

இனாயத் விடுகிற ஆள் இல்லை. மூன்றாம் நாள் மறுபடி கூப்பிட்டார். "தம்பி, உன்னைத் தொந்தரவு பண்ணலை. துராப் நம்பரைக் குடு. நானே பேசிக்கறேன்."

மஹ்காம் யோசித்தார். மகன் நம்பரைக் கொடுத்துவிடலாம். சமாராவில் வேலை இல்லாமல் சும்மாதான் இருக்கிறான். "சம்மதிக்கலை" என்று ரெண்டு வார்த்தை சொல்லத் தெரியாதா? கைப்பேசியைத் திறந்தார். துராப் 1, துராப் 2. மகன் எது? தலைப்பிள்ளை ஆயிற்றே, ஒன்றாகத்தான் இருக்கும். அனுப்பினார். மகனுக்குச் சொல்லிவைக்க வேண்டும் என்று நினைத்தார். அதற்குள் டீ வந்தது, மறந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் துராப் 1-இன் போன் அடித்தது. அவள் ரொட்டி அடுப்புப் பக்கம் நின்று, மாவுக் கையோடு, வெகு பவ்யமாகப் பேசிக்கொண்டிருந்தாள். "ஆமாங்க, துராப் வீடுதான்... அப்படிங்களா... சரிங்க... துராப்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேங்க."

"யாரு?" என்றார் மஹ்காம்.

"தெரிஞ்சவங்க."

நாட்டில் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மஹ்காம் டீயை ஊதிக் குடித்தார்.

இரண்டு நாள் கழித்து அவள் ரொட்டியைப் பிய்த்து விரிப்பில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"நம்ம பேட்டை மஹல்லா கமிட்டித் தலைவர் கோசிம் கேட்டாரு, உங்க வீட்டுல எத்தனை பேனல் இருக்குன்னு."

மஹ்காம் கையில் இருந்த கிண்ணம் பாதி வழியில் நின்றது.

"எதுக்காம்?"

"வந்து பாக்கணும்னாரு."

"எப்ப?"

"நாலஞ்சு நாள்ல."

"நீ என்ன சொன்னே?"

"துராப்பைக் கேட்டுச் சொல்றேன்னேன்."

மஹ்காம் கிண்ணத்தைக் கீழே வைத்தார். போன வாரம்தான் மஹல்லா ஆட்கள் வந்து மூலைக் கடைக்காரன் கட்டிலுக்கு அடியிலிருந்து பத்துப் பெட்டி எலுமிச்சம்பழத்தை வெளியே இழுத்தார்கள். எலுமிச்சை சாப்பிட்டால் கொரோனா வராது என்று யாரோ கிளப்பிவிட, அவன் விலை ஏறட்டும் என்று பதுக்கிவிட்டான். எலுமிச்சம்பழத்துக்கே அந்தக் கதி என்றால் சோலார் பேனலுக்கு?

"ஒளிச்சு வைக்கணும்" என்றார்.

"எங்க?"

"கொட்டகைல வைக்கோல் போட்டு மூடிடலாம்."

"முதல்ல கொட்டகையைத்தான் பாப்பாங்க."

"மெத்தைக்கு அடில?"

"இருபத்துநாலையும் அடுக்கி மேல படுத்தா மூக்கு கூரைல இடிக்கும்."

"புதைச்சுட்டா? பாதாமி மரத்தடில?"

"அங்க ஏற்கெனவே என் முட்டைங்க இருக்கு."

மஹ்காம் சங்கடத்தோடு நெளிந்தார். "அப்ப எங்கதான் வைக்கறது?"

"எனக்கென்னங்க தெரியும், வீட்டோட கிடக்கற பொம்பளை. பேனல் நின்னா எதுக்கு நிக்குதுன்னு யாரும் கேக்காத இடம் ஒண்ணு இருந்தா அங்க வைக்கலாம்" என்றாள். கையை நெற்றிக்கு மறைப்பாக வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். "இன்னைக்கு என்ன வெயில், பாருங்களேன்."

மஹ்காமும் அண்ணாந்து பார்த்தார். அப்படியே எழுந்து நின்றுவிட்டார்.

"துராப்!"

"என்னங்க?"

"கூரை!"

"எந்தக் கூரை?"

"நம்ம கூரை! சோலார்காரன் வீட்டுக் கூரைல சோலார் இருந்தா எவன் கேப்பான்? கண்ணு முன்னாடியே இருக்கும், ஒருத்தனுக்கும் தெரியாது!"

"அட!" என்றாள் அவள். "இதெல்லாம் எப்படிங்க உங்களுக்குத் தோணுது?"

மஹ்காம் தன் நெற்றியை ஒரு விரலால் தட்டிக் காட்டினார்.

அன்றே வேலை தொடங்கிற்று. கூரையில் தனியாக நிற்கிறவனும் மாஸ்க் போட வேண்டும் என்பதால் மாஸ்க் போட்டுக்கொண்டு, இரும்புச் சட்டம் அடித்து, போல்ட் முறுக்கி, நாலு நாள் உழைத்தார். அவள் கீழே நின்று ஸ்பேனரும் டீயும் மாறி மாறி நீட்டினாள்.

"ஆறு போதுமேங்க" என்றாள் முதல் நாள்.

"உனக்கு என்ன தெரியும்? ஆறை ஏத்தினா மிச்சம் பதினெட்டு மாட்டிக்குமே! எல்லாம் ஏறணும்."

"சரிங்க. நீங்க சொன்னா சரி."

மூன்றாம் நாள் அவள் இன்னொரு சந்தேகம் கேட்டாள்.

"வயர் இல்லாம சும்மா நிக்குதே. கோசிம் தலைவர் எலக்ட்ரிக் வேலை பாத்தவராச்சே, கண்டுபிடிச்சுட மாட்டாரு?"

மஹ்காம் வயரை இழுத்தார். இன்வெர்ட்டர் மாட்டினார். கொட்டகையிலிருந்து பேட்டரிகளைத் தூக்கி வந்து அடுக்கினார். எங்கே இணைப்பது என்று அவள் கேட்டபோது, அவரே யோசித்து, குஞ்சு பொரிக்கும் பெட்டிக்கு இணைத்தார். சும்மா ஓடினால் சந்தேகம் வரும், எதையாவது ஓட்ட வேண்டும் அல்லவா? பெட்டிக்குள் நூற்றெண்பது முட்டை எப்போது வந்தது என்பதை அவர் கவனிக்கவில்லை. அவ்வளவு மும்முரம்.

ஐந்தாம் நாள் கோசிம் தலைவர் வந்தார். வாசலில் இரண்டு மீட்டர் தள்ளி நின்றார். கூரையைப் பார்த்தார். ஒன்று, இரண்டு என்று எண்ணினார். கைப்பேசியில் ஒரு படம் எடுத்தார். இன்வெர்ட்டரைப் போட்டுக் காட்டச் சொன்னார். போட்டுக் காட்டினார் மஹ்காம். "ரொம்ப நல்ல காரியம் பண்ணியிருக்கே" என்று மாஸ்க்குக்குள்ளிருந்து சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மஹ்காம் அன்று முழுக்கச் சிரித்தார். சாப்பிடும்போது சிரித்தார். கை கழுவும்போது சிரித்தார். "படம் எடுத்துட்டுப் போறாரு துராப், படம்! பதுக்கின சரக்கையே படம் எடுத்துட்டுப் போறாரு!" அவளும் சிரித்தாள்.

ஒரு வாரம் கழித்து இனாயத் கூப்பிட்டார். குரலில் சோர்வு தெரிந்தது. "தம்பி, செர்ரி மரம் பூ விட்டாச்சு. எனக்கு வேற வழி இல்லை. ரெட்டை விலைன்னாலும் தரேன். துராப் சம்மதிப்பாரா?"

மஹ்காமுக்குக் கண் முன்னே வெள்ளை டமாஸ் வந்து ஹாரன் அடித்தது. "சம்மதிப்பாரு அண்ணே! நான் பேசறேன்! நாளைக்கே இறக்கறேன்!" என்று சொல்லிவிட்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார்.

அவர் கூரையில் கால் வைத்த நிமிஷம் தெருவில் கரண்ட் போயிற்று. பக்கத்து வீட்டு ரேடியோ பாதிப் பாட்டில் நின்றது. எதிர்வீட்டில் யாரோ சபித்தார்கள். தங்கள் வீட்டில் மட்டும் அந்தப் பெட்டி மெல்ல உறுமிக்கொண்டே இருந்தது. ஏணிக்கடியில் அவள் வந்து நின்றாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தவில்லை.

"கழட்டப் போறீங்களா?"

"ரெட்டை விலை, துராப்! நாம எதிர்பார்த்தது!"

"கழட்டுங்க. இன்னைக்குப் பன்னெண்டாம் நாள். ஆனா இந்தத் தடவை வாளியை நீங்கதான் தூக்கணும்."

மஹ்காம் ஸ்பேனரை வைத்துக்கொண்டு நின்றார். வெயில் அடித்தது. முதல் போல்ட்டைப் பார்த்தார். பாதாமி மரத்தடியைப் பார்த்தார். அங்கே மண் இன்னும் மேடாகத்தான் இருந்தது. அன்று இவள் தன் கோட்டைப் பெட்டிக்குப் போர்த்திவிட்டுக் குளிரில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. தான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்தார். டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. ஏணியில் இறங்கி வந்தார்.

"ஒம்போது நாள்தானே" என்றார். "இனாயத் அண்ணன் பொறுத்துப்பாரு."

 அன்று அவர் டீயில் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

இருபத்தோராம் நாள் காலையில் முதல் முட்டையின் ஓடு விரிசல் விட்டது. சாயங்காலத்துக்குள் நூற்றறுபத்தெட்டுக் குஞ்சுகள். அறை முழுக்கக் கீச்சுக் கீச்சென்று ஒரே சந்தடி. மஹ்காம் ஒரு குஞ்சை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். ஈரமாக, கண்ணை மூடித் திறந்து, விரலைக் கொத்தப் பார்த்தது. சும்மா சொல்லக்கூடாது, அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "துராப், இது என்னைப் பாக்குது" என்றார். "ஆமாங்க, பாக்குது" என்றாள் அவளும். அன்று அவள் தட்டில் இருந்த ரொட்டியைக்கூடத் தொடவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் காலை இனாயத்துக்குப் போன் செய்தார்.

"அண்ணே, இன்னைக்கு இறக்கிடறேன். ரெட்டை விலைன்னு சொன்னீங்களே!"

"வேணாம் தம்பி."

"என்னது?"

"துராப் வேணாம்னுட்டாரு. நேர்ல வரேன், பேசிக்கலாம்."

மஹ்காம் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்து அதைப் பார்த்தார். எந்தத் துராப்?

மத்தியானத்துக்குள் இனாயத் வந்துவிட்டார். ஊரடங்கிலும் விவசாயச் சரக்கு ஏற்றும் வண்டிக்கு அனுமதி ஸ்டிக்கர் உண்டு. முற்றத்தில் இறங்கி, கூரையில் வரிசையாக மின்னிய இருபத்துநாலையும் பார்த்து, மாஸ்க்கை இறக்கி நாக்கைச் சப்புக் கொட்டினார்.

"துராப் எங்க? பாத்து நன்றி சொல்லணும்."

அடுக்களையிலிருந்து அவள் டீ எடுத்து வந்தாள். "வாங்கண்ணே. உக்காருங்க. வழில சோதனை ஒண்ணும் இல்லையே?"

இனாயத் அந்தக் குரலைக் கேட்டார். அவளைப் பார்த்தார். மஹ்காமைப் பார்த்தார். மஹ்காம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனாயத்தும் அந்தப் பக்கத்து ஆள்தானே, அவருக்கு விளங்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அட ஆண்டவனே! நான் தங்கச்சியைத் துராப்போட காரியதரிசின்னு நினைச்சேனே! தம்பி, வெட்கப்படாதே. எங்க வீட்டு முதலாளி பேரு நஸீபா. அவரும் எதுக்கும் லேசுல சம்மதிக்க மாட்டாரு."

"அண்ணே, ரெட்டை விலை..." என்றார் மஹ்காம்.

"அதான் தங்கச்சி சொல்லிடுச்சே. சீனால தொழிற்சாலை எல்லாம் திறந்தாச்சாம். ஆனா வெளிநாட்டுல எல்லாரும் வீட்டுக்குள்ள பூட்டிக்கிட்டு உக்காந்திருக்கான், வாங்க ஆளில்லை. சரக்கு குமிஞ்சு கிடக்குதாம். மே மாசம் லாரி வரும், விலை பழைய விலையை விடவும் இறங்கும், அவசரப்பட்டு ரெட்டையாக் குடுத்து ஏமாந்துடாதீங்கன்னு சொல்லுச்சு."

மஹ்காம் மனைவியை நோக்கித் திரும்பினார். "உனக்கு யார் சொன்னது?"

"உங்க போன்லதாங்க இருந்துச்சு. தாஷ்கந்து வியாபாரிங்க குழுவுல."

அந்தக் குழுவில் தினம் எலுமிச்சை வைத்தியமும் சாம்பிராணிப் புகை வைத்தியமும்தான் வந்துகொண்டிருந்தன. அதனால் மஹ்காம் மூன்று வாரமாக அதைத் திறக்கவே இல்லை.

"இங்க சாதா விலைக்கு வர்றதை ரெட்டைக்கு வித்திருந்தா," என்றாள் அவள், "மே மாசம் குவா முழுக்க உங்களை என்ன சொல்லியிருப்பாங்க? இப்ப லாரி வந்ததும் அண்ணன் கிடங்குக்கு நாப்பது பேனல் மாட்டற வேலை உங்களுக்கு. பக்கத்துக் கிடங்குக்காரங்க ரெண்டு பேரும் கேட்டிருக்காங்க. கோசிம் தலைவர் மஹல்லா தண்ணி பம்புக்குப் போடணும்னு படத்தை மேலிடத்துக்கு அனுப்பியிருக்காரு. அதுக்குத்தானே எத்தனை பேனல் இருக்குன்னு விசாரிச்சாரு."

"பம்புக்கா?" மஹ்காம் குரல் கீச்சென்றது. "அதை ஏன் நீ அப்பவே சொல்லலை?"

"நீங்க கேக்கலையே. எங்க ஒளிக்கறதுன்னுதானே கேட்டீங்க."

மஹ்காம் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். தன் கையால் சட்டம் அடித்து, தன் கையால் வயர் இழுத்து, தன் செலவில் பேட்டரி அடுக்கியது. ஒன்பது வருடமாகத் தள்ளிப்போட்டது. அவள் கேட்டது ஆறு. அவரே சண்டை பிடித்து இருபத்துநாலு போட்டிருக்கிறார்.

"விலை ஏறும், ஏறும்னு சொன்னேன்" என்றார் பலவீனமாக.

"ஏறிடுச்சேங்க" என்றாள் அவள். "இருபத்துநாலும் ஏறியாச்சு."

மே மாதம் லாரி வந்தது. விலை இறங்கியிருந்தது. மஹ்காமுக்கு மூச்சு விட நேரமில்லாமல் வேலை. ஆனால் ஒரு மாறுதல். வாடிக்கைக்காரர்கள் யாரும் அவரிடம் விலை பேசுவதில்லை. "நீங்க ஏணியைப் பாருங்க, துராப்கிட்ட நாங்க பேசிக்கறோம்" என்று எல்லோரும் துராப் 1-க்கு நேராகப் போன் போட்டார்கள். குஞ்சுகள் வளர்ந்து முற்றம் முழுக்க மேய்ந்தன. பெட்டியில் இரண்டாம் தடவை முட்டை வைத்தாயிற்று. சமாராவிலிருந்து மகன், "என்னப்பா, நான் அங்க முதலாளி ஆயிட்டேனாமே?" என்று கேட்டான். மஹ்காம் கோபத்தோடு போனை வைத்துவிட்டார்.

ஒரு நாள் அடுத்த தெருக்காரர் ஒருவர் அவரை வழியில் பிடித்தார். அவசரமாக நாலு பேனல் வேண்டும், அடுத்த லாரி வரை பொறுக்க முடியாது, நல்ல விலை தருகிறேன் என்றார். மஹ்காமுக்குள் பழைய மஹ்காம் தலை தூக்கினார். நேராக வீட்டுக்கு வந்தார். முற்றத்தில் நின்று தொண்டையைச் செருமினார்.

"இத பாரு. கூரைல இருபத்துநாலு இருக்கு. நமக்கு ஆறு போதும்னு நீயே சொன்னே. நாலே நாலு கழட்டறேன். பேனல் என்னோடது, ஏணி என்னோடது, கூரையும் என்னோடது. இந்த வீட்டுல முடிவெடுக்க எனக்கு உரிமை இருக்கா இல்லையா?"

"ஏன் இல்லாம? தாராளமா இருக்கு" என்றாள் அவள்.

மஹ்காம் ஏணியைத் தூக்கினார்.

அவள் பெட்டிக்குள்ளிருந்து ஒரு முட்டையை எடுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்.

"நானும் எவ்வளவோ எடுத்துச் சொல்லிப் பாத்தேங்க. துராப் சம்மதிக்கலை."